இரண்டாம் ஓபோவின் நூற்றுப் பதினெட்டுக் கட்டங்கள்

14 ஒக்டோபர் 2024, திங்கள்

லீவன் காலையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், தூசி தட்டாமல். அவன் எனக்கு மேலாளன். என்னைவிடப் பத்து வயது இளையவன். தூசி என்றால் அது இந்த வதனியின் துறை என்று அவனுக்கு நினைப்பு. டச்சு மொழி பேசும் இந்தக் கென்ட் நகரத்துக்கு வந்த புதிதில் இசைக்குழுவின் இதே கட்டடத்தில் மூன்று வருடம் கூட்டித் துடைத்தேன். பிறகு ஒருநாள், தண்ணீரில் ஊறி மங்கிப்போன என் வயலின் சான்றிதழைக் காட்டி, எனக்கு மேற்கத்திய இசைக்குறிகள் வாசிக்கவும் எழுதவும் வரும் என்று நிரூபித்து, இந்த இசைத்தாள் அறைக்குள் நுழைந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தது வீண்போகவில்லை.

"நவம்பர் பதினொண்டுக்கு இது வேணும். தாளெல்லாம் பொடிஞ்சு போகுது. புதுசா எழுதித் தாங்கோ" என்றான். அவன் சொன்னது டச்சில். என் நாட்குறிப்பில் எல்லோரும் எங்கள் தமிழ்தான் பேசுவார்கள், அவர்களுக்குத் தெரியவா போகிறது? அந்த 'ங்கோ'வும் நான் போட்டதுதான்.

பெட்டிக்குள் இருப்பது 'தாழ்நிலம்'. அலோயிஸ் வெர்ஸ்டிகல் என்ற பிளெமிய இசையமைப்பாளர் 1921இல் முழு இசைக்குழுவுக்கு எழுதிய ஏழு நிமிடப் படைப்பு. முதல் உலகப்போர் முடிந்த நாளில் வாசிக்கப் போகிறார்கள். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் பெண் பிரசவ விடுப்பில் இருப்பதால், இதன் பின்னணி பற்றி அரைப் பக்கம் எழுதுவதும் என் தலையில். மாலையில் பவளம் மச்சாளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான்கு நிமிடம். கை ஈரமாக இருந்தபடியால் திறக்கவில்லை.

15 ஒக்டோபர்

வயலின் தாள்கள் பன்னிரண்டு பக்கம் முடிந்தது. குரல் செய்தி கேட்கவில்லை.

17 ஒக்டோபர், வியாழன்

விசித்திரமான தாள் ஒன்று கிடைத்தது. ஓபோ என்பது ஊதி வாசிக்கும் மரக்குழல், இது அதில் இரண்டாமவருக்கு உரியது. முதல் தாளக் கட்டத்திலிருந்து நூற்றுப் பதினெட்டாவது கட்டம் வரை ஒரு சுரம்கூட இல்லை. எல்லாம் மௌனக்குறி.

ஒரு வாத்தியத்துக்கு வேலை இல்லையென்றால் அதற்குத் தாளே எழுதமாட்டார்கள். வாசிப்பவர் வெளியே போய்க் கோப்பி குடிப்பார். இந்த மனிதர் என்னவென்றால் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் கோடுபோட்டு, இலக்கமிட்டு, மேலே எழுதியிருக்கிறார்: 'வாத்தியத்துடன் உட்கார்ந்திருக்கவும். எண்ணவும். வாசிக்கக் கூடாது.'

இங்கே வாத்தியக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசித்து முடிந்ததும் தாளின் கடைசியில் பென்சிலால் தேதியும் பெயரும் கிறுக்குவார்கள். சிலர் மழை பெய்தது, இசைக்குழு நடத்துநர் கழுதை என்றெல்லாம் எழுதுவதுண்டு. அழிப்பது என் வேலை, ஆனால் நான் வாசித்துவிட்டுத்தான் அழிப்பேன். இந்தத் தாளில் பதினெட்டுப் பெயர்கள். 1921 முதல் 1935 வரை வருடத்துக்கு ஒன்று, பிறகு 1958, 1974, 1986. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரே இலக்கம்: 119.

விரல் வைத்து மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுத்தான்.

19 ஒக்டோபர், சனி

உடுப்புத் தோய்த்தேன். மீன் வாங்கினேன். குரல் செய்தியையும் கேட்டேன்.

பவளம் என் அண்ணா நேசனின் மனைவி. அண்ணாவைக் கடைசியாகக் கண்டவள் நான். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், எல்லோரும் நந்திக்கடல் நீரேரியைத் தாண்டி ஆமிக்காரரின் பக்கம் வந்தபோது. பவளம் இரண்டு வயதுப் பிள்ளை ஆரணியோடு அதற்கு ஒரு மாதம் முந்தியே வெளியேறிவிட்டா. பிறகு முகாம் முகாமாகத் தேடித் திரிந்தா. இப்போது ஏழு வருடமாகக் கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டக் கொட்டிலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு, அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறா.

"மச்சாள், நவம்பர் இருபதாம் திகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம். நீங்கள் அவர் பஸ்ஸில ஏறினதைக் கண்டனீங்கள் எல்லோ, அதைத் திரும்ப விவரமா எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ. உங்கட கடிதம்தான் மச்சாள் எங்களுக்குப் பலம். எனக்கு இப்ப முழங்கால் மடக்க ஏலாது. இனியும் போய் இருக்கிறதோ விடுறதோ எண்டு சில நேரம் யோசிக்கிறனான். பிறகு உங்களை நினைப்பன். நீங்கள் கண்ணால கண்டனீங்கள்."

அனுப்புவேன். எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

21 ஒக்டோபர், திங்கள்

கடிதம் தொடங்கினேன். 'வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால் என் அண்ணன் சிவநேசன் இரண்டாவது பஸ்ஸில் ஏறுவதைக் கண்டேன். நீலச் சட்டை அணிந்திருந்தார்.' இதற்கு மேல் பேனா எழுதவில்லை. மை முடிந்திருக்க வேண்டும்.

23 ஒக்டோபர், புதன்

1958 வானொலிப் பதிவை லீவன் எங்கிருந்தோ தேடிப்பிடித்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மேசையில் விரல் தட்டி எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.

பிறகு எல்லா வாத்தியங்களும் அடங்கிய முழுப் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. மறுபடி கண்ணை மூடினேன். நூற்றுப் பத்தொன்பது. லீவனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். சாண்ட்விச்சை மென்றபடி எண்ணி, "நூற்றுப் பதினெட்டு" என்றான். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டு, "இல்லை, பத்தொன்பது" என்றான். இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதை வேண்டாம் என்று எழுந்து போனான். பாதிச் சாண்ட்விச் மேசையிலேயே கிடந்தது, அவன் ஒருநாளும் அப்படி விட்டுப் போகிறவன் அல்ல.

25 ஒக்டோபர், வெள்ளி

பவளம் நேரடியாக அழைத்தா.

"மச்சாள், பஸ் எத்தினையாவது எண்டு கேப்பினம். ரெண்டாவதோ?"

"ஓம். ரெண்டாவது."

"முந்தி மூண்டாவது எண்டனீங்கள்."

"பதினைஞ்சு வருசமாச்சு மச்சாள்."

"அதுவும் சரிதான். என்ன போட்டிருந்தவர்?"

"நீலச் சட்டை."

அந்தப் பக்கம் ஒரு லொறி போகும் சத்தம். பிறகு மிக மெதுவாகச் சொன்னா: "காலில காயம் பட்டதால சாரத்தோட, வெறும் மேலோட நிண்டவர் எண்டு முகாமில எனக்குச் சொன்னனீங்கள். பரவாயில்லை, யோசிச்சு எழுதுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. இரவுச் சமையலில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

28 ஒக்டோபர், திங்கள்

தாளில் 1986ஆம் ஆண்டுக்குரிய பெயர் கோடெலீவ. இதே நகரத்தில், கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறா. எண்பத்தொரு வயது. நிகழ்ச்சிக் குறிப்புக்குத் தகவல் கேட்கப் போவதாக லீவனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

கோப்பியோடு ஒரு பிஸ்கட் தந்தா, ஒன்றே ஒன்று. தாளின் நகலைக் காட்டினேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தா.

"நாப்பது வருசம் ஓபோக்காரியா இருந்து மௌனத்தை எண்ணிச் சம்பளம் வாங்கினனான். ஒரு கட்டம் கூட எண்ணினது எனக்கு வெக்கக்கேடு. ஆருக்கும் சொல்லேல்லை."

"எந்த இடத்தில கூடினது?"

"எண்பத்து நாலுக்குப் பிறகு. எல்லா வாத்தியமும் அடங்கிற இடம். பக்கத்தில ஆரோ மூச்செடுத்தது."

"முதல் ஓபோக்காரராக்கும்."

"அவர் எனக்கு வலப்பக்கம். இது இடப்பக்கம். அங்க கதிரையே இல்லை." பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு துண்டை மட்டும் சாப்பிட்டா. "பிள்ளை, ஓபோவில துவாரம் சின்னன். எங்களுக்குக் காத்துப் போதாமல் போறதில்லை, மிஞ்சித்தான் போகும். பழைய காத்து நெஞ்சுக்குள்ள கிடந்து நெருக்கும். அதை வெளிய விட்டிட்டுத்தான் புதுசை எடுப்பம். முதல்ல விடுறது, பிறகு எடுக்கிறது. அண்டைக்குப் பக்கத்தில கேட்டதும் அப்பிடித்தான். வாசிக்கத் தயாரான ஓபோக்காரன். ஆனா வாசிக்கேல்லை."

வரும் வழியில் கால்வாய் ஓரமாக நடக்காமல், சுற்றுப்பாதையில் டிராம் பிடித்து வந்தேன். எப்போதும் அப்படித்தான் வருவேன், இது புதிதல்ல.

31 ஒக்டோபர், வியாழன்

அரைப் பக்கத்துக்கு வேண்டிய பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1914 ஒக்டோபர் கடைசியில், எதிரிப்படையைத் தடுக்க, கடல் பெருகும் வேளையில் மதகுகளைத் திறந்து வயல்வெளி முழுவதையும் மூழ்கடித்தார்கள். இங்கே பள்ளிப் பிள்ளையும் சொல்லும் கதை. அலோயிஸின் அண்ணன் கமீல், இரண்டாம் ஓபோ வாசித்தவன், அந்த நாட்களில் போர்முனையில் காணாமல் போனான். அண்ணனின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் தம்பி காத்துவைத்த அன்புச் சின்னம் 'தாழ்நிலம்'. இப்படித்தான் பழைய குறிப்புகள் எல்லாம் சொல்கின்றன.

இன்று முழுப் பிரதியின் முதுகு அட்டை கழன்று வந்தது. உள்ளே மடித்து ஒட்டப்பட்ட ஒரு கடிதம். 1933. யாரோ நண்பருக்கு எழுதி அனுப்பாமல் விட்டது. லீவனின் உதவியோடு வாசித்தேன்.

'அன்று மதகின் சக்கரத்தைச் சுழற்றியவர்களில் நானும் ஒருவன். கமீலின் குழு இன்னும் வயல்வெளியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம், அவன் சிறைபிடிக்கப்பட்டு உயிரோடு நடந்து போவதைக் கண்டேன் என்று சொன்னேன். பத்தொன்பது வருடமாக அவள் அவனுக்கும் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறாள். இவ்வருடமும் அரங்குக்கு வந்தாள். கமீல் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். கமீல் இன்னும் வரவில்லை அம்மா என்றேன். மூச்செடுத்தானே, எனக்குக் கேட்டதே என்றாள்.'

லீவனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "இதைக் குறிப்பில போடுவம். சனம் உருகிப்போகும்" என்றான்.

"போடமாட்டன்."

"உண்மை கையில இருக்க ஏன் பழசை எழுதுறீங்கள்?"

"அந்தத் தாய் நம்பினதை எழுதுறன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். கடிதத்தைத் திரும்ப அட்டைக்குள் வைத்து ஒட்டினேன். அறைக்குள் குளிர், பசை காய நெடுநேரம் எடுத்தது. சூடேற்றும் கருவியைப் பழுதுபார்க்கச் சொல்லி எத்தனை நாளாகிறது?

2 நவம்பர்

பவளத்தின் அழைப்பு இரண்டு முறை. எடுக்கவில்லை.

5 நவம்பர், செவ்வாய்

எல்லாத் தாளும் எழுதி முடித்தேன். இரண்டாம் ஓபோவுக்கும் கோடு போட்டேன். எண்பத்து நான்காவது கட்டத்துக்கும் எண்பத்தைந்தாவதுக்கும் இடையில் காகிதம் காயவே மாட்டேன் என்கிறது. ஒற்றுத்தாள் வைத்தேன், மூன்று முறை மாற்றினேன். காகிதத்தைக் குறை சொல்லிக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

9 நவம்பர், சனி

இரண்டாம் ஓபோக்காரருக்கு நெஞ்சுச் சளி. கச்சேரிக்கு வரமாட்டார். அவர் ஒத்திகையில் ஒரு தடவை உட்கார்ந்து எண்ணினவர். மறுநாள்தான் காய்ச்சல். மற்றப் படைப்புகளுக்கு வேறு ஆள் வருகிறார். ஆனால் அந்த ஆள், இந்த ஏழு நிமிடத்துக்கு மட்டும் தன்னைக் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காரணம் சொல்லவில்லை.

நடத்துநர் இசைத்தாள் அறைக்கே வந்தார். "சும்மா இருந்து எண்ணுறதுக்கு ஓபோ தெரியத் தேவையில்லை. தாளை எழுதினவ நீங்கள். கறுப்பு உடுப்பு இருக்கோ?"

செத்தவீட்டுக்கு வாங்கிய கறுப்பு உடுப்பு ஒன்று இருக்கிறது. ஆம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவைப்பதில் என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது.

11 நவம்பர், திங்கள்

பிற்பகல் மூன்று மணிக் கச்சேரி. 119.

12 நவம்பர், செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

மடியில் ஓபோவை வைத்து உட்கார்ந்தேன். வலப்பக்கம் முதல் ஓபோக்காரி, இடப்பக்கம் வெறும் பலகைத் தரை. ஒவ்வொரு கட்டமாக எண்ணினேன். தாளைப் பார்த்துக்கொண்டுதான் எண்ணினேன், தவற வழியே இல்லை. எண்பத்து நாலு. செல்லோக்கள் அடங்கின. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

இடப்பக்கம் யாரோ மூச்சை விட்டார்கள். நீளமாக, நெஞ்சு காலியாகும்வரை. பிறகு எடுத்தார்கள்.

எனக்கு அந்த மூச்சைத் தெரியும். கோடெலீவ சொன்ன ஓபோக்காரனின் மூச்சு அல்ல அது. கழுத்துவரை தண்ணீரில் நிற்கும் ஒருவர், ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்காக எடுக்கும் மூச்சு.

பஸ் இல்லை. இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. நீலச் சட்டையும் இல்லை. அண்ணாவுக்கு இடது காலில் செல் குண்டின் துண்டு ஏறியிருந்தது. நந்திக்கடலுக்குள் நான்தான் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தேன். பட்டப்பகல். என் தலையில் சான்றிதழ்கள் கட்டிய பொலித்தீன் பை. ஒரு கையால் பை, மறு கையால் அண்ணா. நடுவில் ஆழம் கூடியது. பை சரிந்து தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்துக்குத்தான் என்று நினைத்தேன். அவர் மூச்செடுத்தது கேட்டது. நான் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது வேறு ஆட்களின் தலைகள் தெரிந்தன.

முகாமில் பவளம் ஓடிவந்து, "அவர் எங்க?" என்று கேட்டபோது, "வேற பஸ்ஸில ஏத்தினவங்கள்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் ஆகிவிட்டது. நான் பாவி. என் சொல்லை நம்பி ஒருத்தி தெருவில் உட்கார்ந்து கிழவியாகிவிட்டாள்.

நேற்று அரங்கில் அந்த ஒரு கட்டம் முழுவதும் காத்திருந்தேன். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். கூப்பிட்டால் பதில் சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். எண்பத்தைந்தாவது கட்டத்தில் வயலின்கள் நுழைந்துவிட்டன.

கச்சேரி முடிந்ததும் முதல் ஓபோக்காரி என் மடியிலிருந்த வாத்தியத்தை வாங்கி, வழக்கம்போல் உள்ளே துணி விட்டு இழுத்தா. வாசிப்பவரின் மூச்சு ஈரத்தைத் துடைப்பதற்காக அப்படிச் செய்வார்கள். துணி சொட்டச் சொட்ட வந்தது. கலங்கலான தண்ணீர்.

"ஆர் இதை ஊதினது?" என்று கேட்டா.

நான் உதட்டில்கூட வைக்கவில்லை. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

14 நவம்பர், வியாழன்

பவளத்தை அழைத்தேன். கொட்டிலில் இருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். பை, கை, மூச்சு, பஸ் என்ற பொய். அழாமல் சொல்லவேண்டும் என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு சொன்னேன். அப்படியும் அழுதுவிட்டேன்.

கொட்டிலை விட்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆர் உங்களை இப்பிடிச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டா.

"ஒருத்தரும் இல்லை மச்சாள்."

"எங்களை எழுப்பி வீட்டை அனுப்ப எத்தினை பேர் வந்து என்னென்னவோ சொல்லிப் பாத்தினம். இப்ப உங்களைப் பிடிச்சிருக்கினமோ?"

"நான்தான் மச்சாள் கையை விட்டனான்."

"நீங்கள் விடமாட்டீங்கள். அவர் உங்களை எப்பிடி வளத்தவர் எண்டு எனக்குத் தெரியாதே? உங்களுக்குச் சுகமில்லைப் போல. குளிருக்குள்ள தனிய இருந்து யோசிக்கிறீங்கள்." குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "சாப்பிட்டிட்டுப் படுங்கோ. கடிதத்தை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடுங்கோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

15 நவம்பர்

நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்திட்டு, விரைவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

20 நவம்பர், புதன்

விசாரணை முடிந்துவிட்டது. ஆரணியிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்கு இப்போது பதினேழு வயது. என்னோடு இதுவரை பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் பேசியதில்லை.

'மாமி, உங்கட புதுக் கடிதத்தை அம்மா குடுக்கேல்லை. உறையைப் பிரிக்கவும் இல்லை. முகாமில வைச்சு நீங்கள் எழுதிக் குடுத்த பழைய கடிதத்தைத்தான் விசாரிச்சவையிட்டக் குடுத்தவ. பஸ்ஸில ஏறினதைக் கண்டன் எண்ட கடிதம். நாளைக்கும் கொட்டிலுக்குப் போறா.'

அரை மணி நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

'உறையை நான் பிரிச்சு வாசிச்சனான் மாமி. அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு அப்பாவின்ர கையைப் பிடிச்ச ஞாபகமே இல்லை. எப்பிடி இருந்தது?'

வேலைக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். பெரிய கை, உள்ளங்கை சொரசொரப்பு என்று எழுதினேன். தண்ணீருக்குள்ளும் சூடாக இருந்தது என்று எழுதினேன். கடைசிவரை இறுக்கித்தான் பிடித்திருந்தார், விட்டது நான் என்று எழுதி அனுப்பினேன்.